கொப்பி தொலைந்த பிறகு மிஞ்சிய ஏழு

கேள்வி இதுதான்: “நீங்கள் ஆர்வத்துக்காகக் கவிதை எழுதுபவர் என்றால், உங்களிடம் யாருடைய தாக்கம் இருக்கிறது? உங்கள் நடை எப்படி வந்தது?”

நான் பெயர் பெற்ற ஆள் இல்லை. இலங்கையில் முல்லைத்தீவு, முள்ளியவளைப் பக்கம் ஒரு அரிசி மில்லில் பில் எழுதுவது என் வேலை. பதினாறு வயதில் எழுதத் தொடங்கினேன், இப்போது முப்பத்தாறு. புத்தகம் ஒன்றும் போடவில்லை, சஞ்சிகைகளில் ஏழெட்டு வந்திருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பேசாமல் போக மனம் வரவில்லை. பதில் சொல்வதென்றால் முதலில் ஒரு கொப்பியின் கதையைச் சொல்ல வேண்டும்.

2008 கடைசியில் யுத்தத்தால் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது என்னிடம் எண்பது பக்கக் கொப்பி ஒன்று இருந்தது. அதில் நாற்பது கவிதை வரை எழுதியிருந்தேன். புதுக்குடியிருப்பு வரை அது பையில் கிடந்தது நல்ல ஞாபகம், அதற்குப் பிறகு எந்த பங்கருக்குள் விட்டேன், எந்த மரத்தடியில் விட்டேன் என்று தெரியாது. அடுத்த வருடம் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில், தறப்பாளுக்குக் கீழே வெக்கை தாங்காமல் கிடந்த ஒரு பின்னேரம், சரி, கொப்பி போனால் போகட்டும், மனதில் இருப்பதையாவது எழுதி வைப்போம் என்று பால்மாப் பெட்டி மட்டையைக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். ஏழுதான் வந்தது. மற்றவற்றில் தலைப்பு ஞாபகம் இருந்தது, என்ன சொல்ல வந்தேன் என்பதுகூட ஞாபகம் இருந்தது, வரி ஒன்றும் இல்லை.

எனக்கு அதைவிடத் துக்கம் எது என்றால், நல்லவை என்று நான் நினைத்து வைத்திருந்தவை ஒன்றும் அந்த ஏழுக்குள் இல்லை. குருதி, விடியல், வேள்வி, நெருப்பு என்று எழுதியவை எல்லாம் போய்விட்டன. வந்தவற்றை எடுத்துப் பார்த்தால், ஐந்தில் மோனை இருந்தது, அதுவும் நான் நினைத்து வைத்ததில்லை, தானாக விழுந்தது. ஒன்று ஒப்பாரி மாதிரி, ஒரே வாய்பாட்டில் திரும்பத் திரும்ப வரும் வரிகள். மற்றது வெறும் சாமான் பட்டியல், லாண்ட்மாஸ்டர் (சின்ன உழவு இயந்திரம்) பெட்டியில் என்னென்ன ஏற்றினோம் என்று. பின்னுக்கு வந்த என் நடை முழுக்க அந்த மட்டைத் துண்டில் இருந்து வந்ததுதான். கடதாசி இல்லாத இடத்தில் நிற்கிற வரியைத்தான் எழுத வேண்டும் என்று அன்றைக்கே முடிவு எடுத்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் அதற்குப் பிறகு எழுதியதை எல்லாம் நான் அப்படித்தான் சோதிக்கிறேன்.

சரி, தாக்கம். முதலாவது எந்தக் கவிஞரும் இல்லை, என் அம்மம்மா. எங்கள் ஊரில் எந்தச் செத்த வீட்டுக்கும் அவவைக் கூட்டிக்கொண்டு போவார்கள், ஒப்பாரி சொல்ல. எழுதப் படிக்கத் தெரியாது. அவவின் ஒப்பாரியில் “எனக்குத் துக்கமாக இருக்கிறது” என்று ஒரு வரி வந்து நான் கேட்டதில்லை. செத்தவர் கைபட்ட சாமானைத்தான் சொல்லுவா. தன் தம்பி செத்தபோது சொன்ன ஒன்று இன்றைக்கும் அப்படியே இருக்கிறது:

கொக்கச் சத்தகம் கூரையிலை கிடக்குது
கொய்யிற கையெங்கே என்ர ராசா
கொண்டுவந்த குழையெல்லாம் வாடுது
கூப்பிட ஆடெங்கே என்ர ராசா

நாலு வரியிலும் க வரிசைதான் முன்னுக்கு நிற்கிறது. மோனை என்ற சொல்லே அவவுக்குத் தெரியாது. ஆட்டுக்குக் குழை வெட்டப் போன மனுசன் திரும்பி வரவில்லை என்பதற்கு மேலே இதில் ஒன்றும் இல்லை, ஆனால் கூரையில் சொருகியிருக்கிற அந்தக் கொக்கச் சத்தகத்தை, குழை வெட்டுகிற கத்தி கட்டிய தடியை, பார்க்காமல் இருக்க முடியாது. (அது வீட்டில் பிறகும் கனகாலம் இருந்தது, ஒருவரும் எடுத்துப் பாவிக்கவில்லை.)

வன்னியில் இது புதுச் சங்கதியும் இல்லை. குமுழமுனைப் பக்கத்து அரியாத்தை கதை தெரிந்திருக்கும், கொம்பன் யானையைப் பிடித்துக் கட்டிய பெண். அவள் செத்த பிறகு அவள் புருசன் சொல்லி அழுவதாக வருகிற வேலப்பணிக்கன் ஒப்பாரி எங்கள் பக்கத்தின் பழைய பாட்டு. ஒரு ஆம்பிளை, அதுவும் யானை பிடிக்கிற பணிக்கன், பெண்சாதிக்கு ஒப்பாரி சொல்கிறான் என்பது சின்ன வயதில் எனக்குப் பெரிய அதிசயம். அது வாய் வழியாகத்தான் இவ்வளவு காலமும் வந்தது, பதிப்பு எல்லாம் பிறகு வந்தவை.

இரண்டாவது, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் கதை. மதுரையை எரித்துவிட்டு இங்கே வந்த கண்ணகி, நந்திக்கடல் கரையில் மாடு மேய்க்கிற பொடியன்களுக்கு முன்னால் ஒரு கிழவியாக வந்து நிற்கிறாள். விளக்கு வைக்க எண்ணெய் இல்லையே என்கிறார்கள், கடல் தண்ணியை விட்டு எரியுங்கோ என்கிறாள். பிறகு தலை கடிக்குது, பேன் பாருங்கோ என்கிறாள். மயிரை விலக்கினால் தலை நிறையக் கண். வைகாசிப் பொங்கலுக்கு இன்றைக்கும் உப்புத் தண்ணியில் விளக்கு எரிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும், நான் சொல்ல வந்தது அதை இல்லை. பேன் பார்க்கிற இடத்தைச் சொல்ல வந்தேன். தெய்வத்தின் ஆயிரம் கண்ணை வானத்தில் காட்டாமல், தலையில் பேன் பார்க்கும்போது காட்டிய ஆள் யாரோ, அவர்தான் எனக்குக் குரு. பெரிய விசயத்தைக் கும்பிடுகிற உயரத்தில் வைத்தால் என் கைக்கு எட்டாது. பேன் பார்க்கிற உயரத்தில் வைத்தால் எழுதலாம்.

கவிஞர்களில் ஒரே ஒருவரைச் சொல்லு என்றால் மஹாகவி. அளவெட்டி உருத்திரமூர்த்தி, 1927இல் பிறந்து 1971இல், நாற்பத்துநாலு வயதில் போய்விட்டார். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு ஒரு வாசிகசாலையில் அவருடைய புத்தகம் கையில் கிடைத்தது. முதலில் புதுக்கவிதை என்றுதான் நினைத்தேன், வரிகளை அப்படி உடைத்துப் போட்டிருந்தார். வாய்விட்டு வாசித்தால் உள்ளுக்குள் யாப்பு சரியாக ஓடுகிறது! மரபு என்றால் ஒரு மாதிரி, பேச்சு என்றால் வேறு மாதிரி என்று பள்ளிக்கூடத்தில் பிரித்துப் படித்தவளுக்கு அது பெரிய விடுதலை. லிமரிக் என்கிற ஆங்கில வேடிக்கைப் பாட்டை எடுத்து ஐந்து வரிக் குறும்பாவாக்கியவரும் அவர்தான், அது 1966இல் புத்தகமாக வந்தது. நான் குறும்பா இருபது முப்பது எழுதிப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை, விட்டுவிட்டேன். சிரிக்க வைக்கிறது தனி வித்தை.

பாரி மகளிரின் பாட்டு, புறநானூறு 112, எங்கள் பக்கம் எழுதுகிற எல்லோரும் ஒரு தடவையாவது தொட்டுவிட்டோம், இனிக் கொஞ்சக் காலம் அதைச் சும்மா விடலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஒன்று, மெனிக்பாமில் என் கவிதை ஏழு வந்த அதே பின்னேரம், பள்ளிக்கூடத்தில் படித்த அந்த ஐந்து வரியும் ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. போன மாதமும் நிலா, இந்த மாதமும் நிலா, அன்றைக்கு இருந்த தகப்பனும் குன்றும் இன்றைக்கு இல்லை. அற்றை, இற்றை என்று இரண்டு முளை அடித்துக் கட்டியிருக்கிறது, எப்படி அவிழும்?

இனி நடை. 2012 என்று நினைக்கிறேன், ஊரில் ஒரு கவியரங்கம். மனம் மாறினாலும் கை மாறவில்லை, நான் மறுபடியும் விடியல், குருதி என்று ஒன்றை உரத்து வாசித்துவிட்டு இறங்கினேன். கைதட்டினார்கள். தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, “பிள்ளை, நல்லா வாசிச்சனி. அது ஆற்ற கவிதை?” என்று கேட்டார். அவர் குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே யாரோ எழுதியதை நான் வாசித்ததாக நினைத்திருக்கிறார். “என்ரதான் ஐயா” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் என் சொந்தச் சொற்களுக்கு வந்தேன். கிணறு இறைத்ததைப் பற்றி ஒன்று. திரும்பி வந்தபோது எங்கள் கிணறு தூர்ந்து கிடந்தது. போகும்போது அம்மா தன் தையல் மெசினின் தலையைக் கழற்றி, சாக்கில் சுற்றி, கிணற்றுக்குள் இறக்கிவிட்டு வந்திருந்தா, கொள்ளை போகாது என்று.

கிணறு இறைச்சம்
கீழ்ச்சேறு வரக்
கிடைச்சுது அம்மாவின்ர மெசின்
கைபிடியைச் சுத்தினன்
கறகறவெண்டு
சேறு தைச்சுது

முதலில் இதற்குக் கடைசியில் “எங்கள் வாழ்வைப் போல” என்று ஒரு வரி இருந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “கடைசியிலை அதென்னத்துக்கு? மெசின் எண்டால் மெசின்தானே” என்றா. வெட்டிவிட்டேன். எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் உருப்படியானது அதுதான். இப்போதும் எதை எழுதினாலும் முதலில் கடைசி வரியைத்தான் சந்தேகப்படுவேன், பத்தில் ஆறு தரம் அதை எடுத்துவிட்டால் கவிதை நன்றாக இருக்கிறது.

இதே கவிதையை ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினேன். வந்தபோது “இறைத்தோம்”, “கிடைத்தது”, “கறகறவென்று”, “தைத்தது” என்று திருத்திப் போட்டிருந்தார்கள், ஒரு சொல் கேட்கவில்லை. இலக்கணம் சரி. ஆனால் “இறைத்தோம்” என்று யாரும் எங்கள் கிணற்றடியில் சொல்லி நான் கேட்டதில்லை, கறகறவெண்டு என்பதில் இருக்கிற கட்டைச் சத்தம் கறகறவென்றில் இல்லை. கட்டுரை என்றால் நானே எழுத்துத் தமிழில்தான் எழுதுவேன், இதோ இந்தப் பதில் மாதிரி. கவிதையில் எந்த இடத்தில் பேச்சு, எந்த இடத்தில் எழுத்து என்பதை எழுதியவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

எழுதும் முறையைப் பற்றியும் கேட்டால், நான் கடதாசியில் தொடங்குவதில்லை. வேலைக்கு ஒட்டுசுட்டான் றோட்டால் சைக்கிளில் போகும்போது ஒரு வரி வரும். மிதிக்கிற தாளத்துக்கு அது ஒத்துவந்தால் இரண்டாவது வரியும் வரும், எதிர்க்காற்று என்றால் வரிகள் தானாகக் கட்டையாகிவிடும், சிரிக்காதீர்கள், உண்மை. மூன்று நாள் எழுத மாட்டேன். மூன்றாம் நாள் பின்னேரமும் அது தலைக்குள் இருந்தால் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுவேன். பில் தாள் அகலம் ஒரு சாண்கூட இல்லை, என் வரிகள் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு அதுவும் ஒரு காரணம். காலபோக நெல் வெட்டுக் காலத்தில், மாசி பங்குனியில், எழுதவே மாட்டேன், விடிய வெளிக்கிட்டால் இரவு வரை மூட்டை எண்ணுகிற வேலைதான்.

இன்னொன்று, யாப்பு படிக்க வேண்டுமா என்று இதே கேள்விக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். படியுங்கள், ஆனால் வெண்பாவில் தொடங்காதீர்கள், ஒரு தளை, சீருக்கும் சீருக்கும் இடையிலான கட்டு, தட்டினாலும் அது வெண்பா இல்லை, ஆள் வெறுத்துப் போவீர்கள். நான் இத்தனை வருடத்தில் மூன்றுதான் எழுதியிருக்கிறேன். அதில் ஒன்று மில்லில் நெல்லின் ஈரம் பார்க்கிற மீற்றரைப் பற்றி, 14 வீதத்துக்கு மேலே காட்டினால் கமக்காரரின் முகம் எப்படி மாறும் என்று. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்கிற வாய்பாடுகளில் ஒன்றில் முடிய வேண்டும். மில்லில் எல்லாம் காசில்தான் முடியும், அதனால் அது சுலபமாக வந்துவிட்டது.

மற்றது, அப்பப்பா சூடு மிதிக்கும்போது, அதாவது மாட்டை விட்டு மிதித்துக் கதிரில் இருந்து நெல்லைப் பிரிக்கும்போது, மாட்டுக்குப் பின்னால் “பொலி, பொலி” என்று சொல்லிக்கொண்டு சுற்றுவாராம், களத்தில் நெல்லை நெல் என்று சொல்லக் கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டுமாம். நான் அதைக் கண்டதில்லை, அப்பா சொல்லித்தான் தெரியும். ஆனால் ஒரு பொருளுக்கு வீட்டில் ஒரு பெயர், களத்தில் ஒரு பெயர் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நாலு நாளாக அதைப் பற்றி ஒன்று எழுதப் பார்க்கிறேன். முந்தாநாள் இருந்த வரி நேற்று இல்லை. நேற்று வேறு ஒன்று வந்தது, “பொலி எண்டு சொன்னால் போகாது” என்று. இன்றைக்கும் இருக்கிறது. நாளைக்கும் இருந்தால் பில் புத்தகத்தில் எழுதுவேன்.