இரண்டாவது கிராஃபிக்ஸ் கார்டு போடலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் திருமண வீடியோ எடிட்டிங் செய்து வருகிறேன். அத்துடன் பிளெண்டரில் முப்பரிமாண அனிமேஷனும் செய்கிறேன். என் கணினியில் 12 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கார்டும், 550 வாட் பவர் சப்ளையும் இருக்கின்றன. அதே கார்டு ஒன்று ரிச்சி தெருவில் பயன்படுத்திய பழைய கார்டாகக் கிடைக்கிறது. அதையும் வாங்கிப் போட்டால் வேகம் இரட்டிப்பாகுமா? 24 ஜிபி நினைவகம் கிடைக்குமா?

பதில்: 24 ஜிபி கிடைக்காது. ரெண்டர் செய்யும்போது, அதாவது முப்பரிமாணக் காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும்போது, ஒவ்வொரு கார்டும் காட்சியின் முழுத் தரவையும் தன் நினைவகத்தில் தனியாக ஏற்றிக்கொள்கிறது. ஆகவே இன்று 12 ஜிபிக்குள் அடங்காமல் திணறும் காட்சி, நாளையும் அதே இடத்தில்தான் திணறும். இரு கார்டுகளை இணைக்கும் என்வி-லிங்க் வசதி, உங்கள் கார்டு அடங்கும் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையின் ஜிஃபோர்ஸ் கார்டுகளில் 3090, 3090 டிஐ ஆகியவற்றுக்கு மட்டுமே தரப்பட்டது.

வேகம் மென்பொருளைப் பொறுத்தது. பிளெண்டரின் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் எஞ்சின் இரு கார்டுகளுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்கும். அமைப்புகளில் இரண்டையும் டிக் செய்தால் போதும், நீண்ட ரெண்டர்களில் நேரம் ஏறத்தாழ பாதியாகும். பிளெண்டரின் இன்னொரு ரெண்டர் எஞ்சினான ஈவீயில் இந்தப் பயன் இல்லை. எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பை வைத்திருந்தால் இரண்டாவது கார்டு சும்மாதான் இருக்கும்; பல கார்டுகளைப் பயன்படுத்தும் வசதி கட்டணப் பதிப்பான ஸ்டுடியோவில்தான் உள்ளது.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் பவர் சப்ளைதான். ஒரு 3060 கார்டு 170 வாட் வரை இழுக்கும். இரண்டுக்கு 340 வாட், அதன்மேல் பிராசஸர், டிஸ்க், விசிறிகள் என்று சேர்த்தால் 550 வாட் பெட்டி எந்நேரமும் விளிம்பிலேயே ஓடும். நல்ல தரமான 750 வாட் வாங்குங்கள். மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் வழியாக ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட்தான் வரும், மீதி முழுவதும் 8 பின் கேபிள் வழியாகவே வர வேண்டும் என்பதால், ஒவ்வொரு கார்டுக்கும் பவர் சப்ளையிலிருந்து தனிக் கேபிள் கொடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் பிளக்கிலிருந்து 8 பின்னாக மாற்றித் தரும் மலிவான கன்வெர்ட்டரைத் தயவுசெய்து தொடாதீர்கள். அது சூடேறி உருகக்கூடியது. பலரும் வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவையே தாங்கும், ஆகவே ரெண்டர் நடுவே மின்சாரம் போனால் கணினியும் உடனே அணைந்துவிடும்.

மதர்போர்டில் இரண்டாவது நீள ஸ்லாட் பார்வைக்கு முதலாவது போலவே இருந்தாலும், பல போர்டுகளில் அதற்கு நான்கு லேன்களே (தரவு செல்லும் பாதைகள்) உண்டு. ரெண்டருக்கு அது பெரிய குறையன்று. இரு கார்டுகளும் ஒட்டி உட்கார்ந்தால் மேல் கார்டின் விசிறிக்குக் காற்றே கிடைக்காது என்பதுதான் பெரிய சிக்கல்; நடுவே குறைந்தது ஒரு ஸ்லாட் அளவு இடைவெளி வேண்டும்.

பழைய கார்டை வாங்கும்போது ஹெச்டிஎம்ஐ போர்ட்டின் உள்விளிம்பையும் ஸ்லாட்டில் செருகும் பொன்னிற முனைகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கத்து உப்புக் காற்றில் கிடந்த கார்டுகளில் துருவோ பச்சைப் படிவோ பிடித்திருக்கலாம். அப்படி இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

உங்கள் வருமானம் பெரும்பாலும் திருமண எடிட்டிங்கிலிருந்து வருகிறது என்றால் இந்தச் செலவு இப்போது தேவையில்லை. சைக்கிள்ஸ் ரெண்டர்தான் இரவு முழுவதையும் விழுங்குகிறது என்றால் தாராளமாக வாங்கலாம்; ஆனால் முதலில் பவர் சப்ளையை மாற்றிவிட்டு, பிறகு கார்டுக்குப் போங்கள்.