போர்டையே மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி: எங்களுக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம். வள்ளி கும்மிப் பயிற்சிக்காக, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் 15 இன்ச் பவர்டு ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினோம். வாரண்டி முடிந்து நான்கு மாதம் ஆகிறது. ஒன்றில் கொஞ்ச நாளாக 'ம்ம்ம்' என்று இரைச்சல். மாரியம்மன் நோம்பியில் ஜெனரேட்டரில் ஓடும்போது அடியோடு நின்றுவிட்டது. ஈரோட்டுக் கடையில் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் போர்டையே மாற்ற வேண்டும், 9,000 ரூபாய் என்கிறார்கள். இன்னொரு மெக்கானிக் 2,500-க்குச் சரிசெய்கிறேன் என்கிறார். யாரை நம்புவதுங்க?

பதில்: 2,500 சொன்னவரிடம் முதலில் கொடுங்கள். ஆனால் எந்தப் பாகம் போயிருக்கிறது என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் வேலையைத் தொடங்கச் சொல்ல வேண்டும்.

ஸ்பீக்கருக்கு வரும் சிக்னல் கேபிளைக் கழற்றியும் இரைச்சல் இருந்திருந்தால், பவர் சப்ளையில் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் மேல்தான் முதல் சந்தேகம். தலை உப்பியிருந்தால் கண்ணுக்கே தெரியும். ஜெனரேட்டரில் வோல்டேஜ் திடீரென்று ஏறினால் ஃபியூஸ், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர், ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர் போகலாம். இவையெல்லாம் தனித்தனியாக மாற்றக்கூடியவை. போர்டு கருகி, செம்புத் தடமே எரிந்திருந்தால் மட்டும் புதுப் போர்டு நியாயம்.

அப்படிப் போர்டு மாற்றினாலும் அதே மாடலுக்கு உரியதுதான் வேண்டும். எந்த ஒலி ஊஃபருக்கு (கனத்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்), எந்த ஒலி ஹார்னுக்கு (மெல்லிய, கூர்மையான ஒலி தருவது) என்று பிரிக்கும் வேலை பவர்டு ஸ்பீக்கரில் பெரும்பாலும் அந்தப் போர்டிலேயே, அந்தப் பெட்டிக்கென்று அளந்து அமைக்கப்பட்டிருக்கும். கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு போர்டைப் போட்டால் கனத்த ஒலி ஹார்னுக்குப் போய் அதன் டயஃப்ரம் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடு) கிழியும். வாட்ஸ் பொருந்துகிறது என்று கடைக்காரர் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், ஊஃபரைச் சோதிக்காமல் ஆம்ப்பை ஆன் செய்யவே கூடாது. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் டிசி மின்சாரம் நேராக ஊஃபருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலுக்குப் போய் அதை எரித்துவிடும். காயில் ஷார்ட் ஆகியிருந்தால் சரிசெய்த ஆம்ப்பும் போகும். 8 ஓம் ஊஃபர் மல்டிமீட்டரில் 6 ஓம் அளவில் காட்டினால் பயமில்லை. அதை உங்கள் கண் முன்னாலேயே அளக்கச் சொல்லுங்கள்.

நீங்களே பெட்டியைத் திறக்க வேண்டாம். ஸ்விட்சிங் பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

மாற்றிய பாகங்களையும் கேரண்டி எத்தனை மாதம் என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய பாகங்களையும் கேளுங்கள். பழுதுபார்ப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைதான். அதே கோளாறு திரும்ப வந்து மெக்கானிக் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதிலும் ஆகவில்லை என்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது.

ஜோடியில் இன்னொன்றுக்கும் அதே வயதுதானே? இரைச்சல் இல்லாவிட்டாலும் அதன் கெப்பாசிட்டர்களையும் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். இனி ஜெனரேட்டர் ஓடி நிலைப்பட்ட பிறகு ஸ்பீக்கரை ஆன் செய்யுங்கள். நிறுத்தும்போது ஸ்பீக்கர் முதலில்.