விடுமுறைக் கொண்டாட்டமும் ஓரமாக உட்காரும் பிள்ளைகளும்

ஐயா,

நாங்கள் சிலர் சேர்ந்து பதின்பருவப் பிள்ளைகளுக்கு ஒரு மன்றம் நடத்துகிறோம். பல மதத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். ஒருவன் சக்கர நாற்காலியில் வருபவன். ஒரு பெண்ணுக்குக் காது கேட்காது. விடுமுறை நிகழ்ச்சியில் எல்லாருடைய பண்டிகைகளையும் சேர்க்கலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். பண்டிகையே வேண்டாம், விளையாட்டு விழா நடத்தலாம் என்கிறார்கள் மீதிப் பேர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கா.

அன்புள்ள கா.,

உங்கள் நண்பர்கள் பெயர்ப்பலகைக்காகச் சண்டை போடுகிறார்கள். எந்தப் பலகையை மாட்டினாலும் அன்றைக்கு ஓரமாக உட்காரப்போவது அதே பிள்ளைகள்தான் என்றால், அந்தச் சண்டையில் யார் ஜெயித்து என்ன? "எனக்கு மட்டும் வேண்டாம்" என்று கூட்டத்தின் நடுவே எந்தப் பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டிவரும் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

கோல்பால் என்று ஒரு விளையாட்டு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக 1946இல் உருவானது. 1976 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. பந்துக்குள் மணி இருக்கும், ஓசையை வைத்துத் தடுக்க வேண்டும். கொஞ்சம் பார்வை உள்ளவர்களும் கண்ணை முழுக்க மறைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும். விதி எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதால் 'பாவம், அவனுக்குச் சலுகை' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இதை அப்படியே உங்கள் மன்றத்தில் ஆடினால் காது கேளாத அந்தப் பெண் வெளியே நிற்பாள். அந்த விதியை யோசித்த விதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இசை நாற்காலியையே பாருங்கள். பாட்டு நிற்பது அவளுக்குத் தெரியாது. நாற்காலியைப் பிடிக்கச் சக்கர நாற்காலிப் பையனால் பாய முடியாது. பாட்டுக்குப் பதில் எல்லாருக்குமே கொடி அசையட்டும். நாற்காலிகளை எடுத்துவிட்டுத் தரையில் பெரிய வட்டங்கள் போடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வட்டத்தைக் குறையுங்கள், ஆளைக் குறைக்காதீர்கள். கடைசி வட்டத்துக்குள் அத்தனை பேரும் அடங்கியாக வேண்டும். இன்னொன்று, தோற்றவரை வெளியேற்றும் ஆட்டங்களில் மெதுவான பிள்ளைதான் முதலில் வெளியே போகும், அதிக நேரம் வேடிக்கை பார்க்கும். விளையாட அழைத்துவிட்டு இதென்ன கூத்து!

பண்டிகைகளை ஒதுக்க வேண்டாம் என்பதே என் கட்சி. ஆனால் மதத்துக்கு ஒரு மேசை போட்டு, "உங்களில் இதை ஏன் செய்கிறீர்கள், சொல்லு" என்று ஒரு பிள்ளையைப் பிரதிநிதி ஆக்கிவிடாதீர்கள். தோன்றினால் அவனே சொல்வான். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பிறந்தநாள்கூடக் கொண்டாடுவதில்லை. அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை வந்தால், அதே நேரத்தில் பக்கத்தில் இன்னொரு வேலை ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதில் வேறு சிலரும் இருக்க வேண்டும். ரமலான் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்கிறது. போன வருட அட்டவணையை நகலெடுத்தால், நோன்பிருக்கும் பிள்ளைகளை உச்சிவெயிலில் ஓடவிட்டு, பிறகு மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்க்க வைத்திருப்பீர்கள்.

பரிசுப் பரிமாற்றம் வேண்டாம்; யாருடைய பொட்டலம் சிறியது என்பது பிரிக்கும் முன்பே தெரிந்துவிடும். அழைப்பிதழில் 'அப்பா அம்மாவுடன்' என்பதை 'வீட்டிலிருந்து ஒருவருடன்' என்று மாற்றுங்கள். இரைச்சல் தாங்காத பிள்ளைக்கு அமைதியான ஓர் அறை திறந்திருக்கட்டும், யாரிடமும் கேட்காமல் போய்வரும்படி.

உங்கள் கடிதத்தில் ஒன்று இடறியது. பெரியவர்களின் இரண்டு கட்சிகளும் அதில் இருக்கின்றன. ஒரு பிள்ளை சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் விளையாட்டுக்கும் பண்பாட்டு வாழ்வுக்குமான உரிமை 31ஆம் பிரிவு. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமை அதற்கு வெகு முன்பே, 12ஆம் பிரிவிலேயே வந்துவிடுகிறது. கூட்டத்தில் கைதூக்கச் சொல்லாதீர்கள், கூச்சப்படுகிறவர் தூக்கமாட்டார். தேதி குறிக்கும் முன் பெயர் எழுதத் தேவையில்லாத ஒரு துண்டுத்தாள் கொடுத்து, 'எது இருந்தால் நீ வரமாட்டாய்?' என்று கேளுங்கள். உங்கள் குழுவின் சண்டையை அந்தத் தாள்களைப் படித்தபின் தொடரலாம்.