தொண்ணூற்றிரண்டு என்பது பாதி வழி

வணக்கம் சார்,

பெயர் போட வேண்டாம், எங்கள் ஆபீஸில் உங்கள் தளத்தைப் படிக்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள்.

நான் நாலரை வருடமாக ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேம் ஆடுகிறேன். மெம்பர்ஷிப் மாதாமாதம் கார்டிலிருந்து போகிறது. காசு பெரிய விஷயமில்லை, நேரம்தான் உறுத்துகிறது. மகள் தூங்கிய பிறகு தினமும் ஒன்றரை மணி நேரம். மீன்பிடிப்பதிலும் மரம் வெட்டுவதிலும் உச்ச லெவலான 99 எடுத்துவிட்டேன். இப்போது மைனிங், அதாவது பாறை உடைப்பது, 92. என் வேகத்துக்கு மணிக்கு 40,000 எக்ஸ்பி (லெவல் ஏற்றுகிற அனுபவப் புள்ளி) வருகிறது. முதல் 99 வந்த அன்று ஸ்கில் கேப் என்கிற மேலங்கியை வாங்கி மாட்டிக்கொண்டு ஆட்டத்திலிருக்கும் பாங்க் முன்னால் ஐந்து நிமிடம் நின்றேன். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் அடுத்த ஸ்கில்லை ஆரம்பித்துவிட்டேன்.

போன வாரம் மனைவி கேட்டாள், "இது முடிஞ்சா என்ன கிடைக்கும்?" பதில் வரவில்லை. பக்கத்திலிருந்த மச்சான், "சீரியல் பாத்தா மட்டும் என்ன கிடைக்குது?" என்று எனக்காகப் பேசினான். அதுவும் சரியான பதிலாகத் தெரியவில்லை. நீங்கள் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேம் ஆடியவர் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். லெவல் ஏற்றுவதெல்லாம் அதற்குச் செலவாகும் நேரத்துக்குத் தகுமா? மைனிங்கை முடிக்கட்டுமா, விடட்டுமா?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 92 என்றால் இன்னும் ஏழுதானே என்று ஆடாதவர்கள் நினைப்பார்கள். 99-க்கு வேண்டியது 1,30,34,431 எக்ஸ்பி. 92-க்கு 65,17,253. நீங்கள் பாதி வழியில் நிற்கிறீர்கள். உங்கள் வேகத்தில் பாக்கி 163 மணி நேரம், தினமும் ஒன்றரை மணி நேரம் என்றால் ஒரு நாள் விடாமல் 109 நாள். இத்தனைக்கும் 92-க்கு மேல் பாறை ஒன்றும் கெட்டியாகிவிடுவதில்லை. அதே பாறை, அதே பிக்காசு, அதே கிளிக். ஏழு லெவலுக்கு ஒருமுறை தேவை இரட்டிப்பாகிறமாதிரி யாரோ ஒருவர் உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டிருக்கிறார், அவ்வளவுதான். 99-ஐத் தொட்ட பிறகும் எக்ஸ்பி நிற்காது, 20 கோடி வரை ஏறிக்கொண்டே இருக்கும், அதையும் துரத்துகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

என் கதையைச் சொல்கிறேன், அதில் கொஞ்சம் எரிச்சலும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006 தொடக்கத்தில் வார்கிராஃப்டுக்குள் போனேன். பெட்டியை ஜெர்மனியிலிருந்த சித்தி மகன் வாங்கி அனுப்பினான். மாதச் சந்தா 12.99 யூரோ, முதல் சில மாதங்கள் அவன் கார்டிலேயே ஓடியது. ஐரோப்பிய சர்வர். அவர்களுக்குக் குளிர்காலத்தில் இரவு எட்டு மணிக்கு ரெய்டு (கூட்டமாகச் சேர்ந்து போடுகிற பெரிய சண்டை) என்றால் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. வாரத்துக்கு நான்கு நாள் அந்த நேரத்தில் அலாரம் வைத்து எழுந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, போலந்துக்காரர்களும் டச்சுக்காரர்களுமாக நாற்பது பேரோடு டிராகன் அடிக்கப் போவேன். நான் ப்ரீஸ்ட், அடிபடுகிறவர்களுக்கு உயிர் ஏற்றுகிற வேலை.

அப்போது எங்கள் கில்டில், அதாவது சேர்ந்து ஆடுகிற குழுவில், டி.கே.பி. என்று ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருந்தார்கள். நம் ஊர் ஏலச்சீட்டுதான் அது. ரெய்டுக்கு வந்தால் புள்ளி சேரும், டிராகனிடமிருந்து ஏதாவது பொருள் விழுந்தால் சேர்த்த புள்ளியை வைத்து ஏலம் கேட்கலாம், எடுத்தவன் கணக்கு குறைந்துவிடும், எடுக்காதவன் அடுத்த வாரத்துக்குக் காத்திருப்பான். சீட்டு நடத்துகிறவர்மேல் வருகிற சந்தேகம், முறைப்பு, பின்னால் போய்ப் பேசுவது எல்லாமே இதிலும் உண்டு. அப்படிச் சீட்டுக் கட்டி, எட்டுத் துண்டு கொண்ட ஊதாக் கவச செட்டில் ஆறு துண்டு சேர்த்துவிட்டேன். மாதக்கணக்கில் பிடித்தது. அதற்காக ஓர் உறவுக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன்.

2007 ஜனவரியில் முதல் எக்ஸ்பான்ஷன், அதாவது ஆட்டத்தின் பெரிய விரிவாக்கம், வந்தது. லெவல் உச்சம் 60-லிருந்து 70 ஆனது. புது நிலத்தில் இறங்கிய முதல் வாரத்திலேயே, சாலையோரம் நிற்கிற ஒரு காவல்காரன் சொன்ன சில்லறை வேலையைச் செய்ததற்குக் கூலியாக ஒரு பச்சைச் சட்டை கொடுத்தார்கள். வரிசைப்படி பச்சை கீழ்த்தட்டு, அதற்கு மேல் நீலம், அதற்கும் மேல் ஊதா. அந்தப் பச்சைச் சட்டையின் எண்கள் என் ஊதாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றன, இரண்டு லெவல் கழித்து வந்த இன்னொன்று அதைத் தாண்டியே போய்விட்டது. கழற்றி வைத்துவிட்டுப் பச்சையை மாட்டிக்கொண்டேன். வேறு வழி?

யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒவ்வொரு எக்ஸ்பான்ஷனுக்கும் அவர்கள் இதைச் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் புதிதாக வருகிறவன் எங்களை எட்டிப் பிடிக்கவே முடியாது. இப்படியே 80, 85, 90 என்று ஏறிக்கொண்டே போய் 120-ல் நின்றது. 2020-ல் எண்கள் கைமீறிப் போய்விட்டன என்று அந்த 120-ஐ 50-ஆகச் சுருக்கினார்கள். அத்தனை வருடம் ஏறியதை ஒரே அப்டேட்டில் இறக்கிவிட்டார்கள், ஆடுகிறவர்களும் சரி என்று மறுபடி 51-லிருந்து ஏறத் தொடங்கினார்கள்.

நீங்கள் உடனே சொல்வீர்கள், உங்கள் ஆட்டத்தில் அப்படி இல்லை என்று. உண்மைதான். 2013-ல் பழைய 2007 பதிப்பைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று ஆடுகிறவர்களிடமே ஓட்டெடுத்துத்தான் உங்கள் சர்வரைத் திறந்தார்கள், அதன் பிறகும் புதிதாக எதையாவது சேர்ப்பதென்றால் பெரும்பாலும் ஓட்டுக்கு விட்டே சேர்க்கிறார்கள். அங்கே எடுத்த 99 நாளைக்கும் 99தான், என் ஊதாச் சட்டைக்கு வந்த கதி அதற்கு வராது. நிலைக்காத எண்ணுக்காக நேரத்தை விட்டேன் என்ற என் புலம்பல் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் நிலைத்து நிற்கிற எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் பாங்க் முன்னால் நின்றது ஐந்து நிமிடம்தானே? அதனால் நிலைப்பது, அழிவது இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு வேறு இடத்தில் தேடலாம் என்று நினைக்கிறேன்.

வார்கிராஃப்ட் வெளிவருவதற்கு முன், சோதனைக் காலத்தில் நடந்த ஒன்று. அதை வடிவமைத்தவர்களே பின்னால் சொன்னது. ஒருவர் தொடர்ந்து அதிக நேரம் ஆடினால் பாத்திரம் களைத்துப்போகும், வருகிற எக்ஸ்பி பாதியாகும் என்று வைத்திருந்தார்கள். போய்த் தூங்கு என்று சொல்கிற ஏற்பாடு. ஆடியவர்கள் கொதித்துவிட்டார்கள். உடனே கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். முழுசு என்று இருந்தது 200 சதவீதம், 'ஓய்வெடுத்ததற்கான போனஸ்' ஆனது. பாதி என்று இருந்தது 100 சதவீதம், 'சாதாரணம்' ஆனது. லெவலுக்கு வேண்டிய எக்ஸ்பியையும் அதற்கேற்ப ஏற்றிக்கொண்டார்கள். போய்ச் சேர ஆகிற நேரம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் எல்லோருக்கும் சந்தோஷம். பல வருடம் கழித்து இது எனக்குத் தெரியவந்தபோது, ஆட்டத்திலிருக்கும் சத்திரத்துக்குள் போய் லாகவுட் செய்தால் போனஸ் சேரும் என்று எத்தனை ராத்திரி பாத்திரத்தை அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தேன். முன்னேற்றம் என்று நாம் பார்க்கிற அந்தப் பட்டை அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு கடிகாரம். எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதை அவர்கள் வைக்கிறார்கள். சந்தா ஆட்டத்தில் நீங்கள் அடுத்த மாதமும் இருந்தால்தான் அவர்களுக்கு வருமானம், அதனால் கடிகாரம் மெதுவாகத்தான் ஓடும். இலவச ஆட்டங்களைவிட இது எவ்வளவோ நேர்மை என்பேன். அங்கே காத்திருக்க வைத்துவிட்டு, காத்திருக்காமலிருக்கக் காசு கேட்கிறார்கள்.

இடையில் ஒன்று. 2002-ல் 'ப்ராக்ரஸ் க்வெஸ்ட்' என்று ஓர் ஆட்டம் வந்தது, அந்தக் காலத்து ஆன்லைன் கேமான எவர்க்வெஸ்ட்டைக் கேலி செய்து எழுதியது. பெயர் வைத்துத் தொடங்கிவிட்டால் போதும், அதுவே ஆடும். பட்டை நிறையும், லெவல் ஏறும், பொருள் சேரும், நாம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இது கிண்டல் என்று நன்றாகத் தெரிந்தே ஒருநாள் ராத்திரி ஓடவிட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பல் விளக்குவதற்கு முன் போய் என்ன லெவல் என்று பார்த்தேன். இதற்கு மேல் என்னைப் பற்றி என்ன சொல்ல.

வார்கிராஃப்டில் ஸ்லாஷ் ப்ளேய்டு (/played) என்று அடித்தால் அந்தப் பாத்திரத்தோடு எவ்வளவு நேரம் கழித்திருக்கிறோம் என்று காட்டும். நான் விட்ட அன்று 143 நாள் என்று காட்டியது. நாள் என்றால் முழு 24 மணி நேர நாள். அந்த 143-ஐ நான் ஒரே குவியலாகப் பார்ப்பதில்லை. அதில் டெய்லி க்வெஸ்ட் என்று தினமும் அதே ஐந்து வேலையைச் செய்த நாட்கள் உண்டு, அவை போனது போனதுதான். ஆனால் வேலஸ்ட்ராஸ் என்று ஒரு டிராகனிடம் மூன்று வாரம் தோற்றோம், அதை யாராவது திருப்பிக் கொடுக்கிறேன் என்றாலும் வேண்டாம் என்பேன். அந்தச் சண்டையில் திடீரென்று ஒருவனுக்குத் தீப்பிடிக்கும். சில நொடிகளில் அவன் வெடித்துச் சாவான், பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்களையும் கொண்டுபோவான். அதனால் தீப்பிடித்தவன் கூட்டத்தை விட்டு ஓடிப்போய்த் தனியாகச் சாக வேண்டும். சொல்வது சுலபம். முதல் வாரம் ஒருத்தன் ஓட மறந்து நடுக்கூட்டத்தில் நின்றபடி பத்துப் பன்னிரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு போனான், அந்த ஒருத்தன் நான்தான். மூன்றாவது வாரம் எனக்குத் தீப்பிடித்ததும் கை யோசிக்காமலே ஓடியது. போலந்துக்காரன் மைக்கில் ஏதோ கத்தினான், அவன் பாஷையில். பாராட்டுத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

என் கணக்கின் பாஸ்வேர்டை உங்களிடம் கொடுத்திருந்தால் ஊதாச் சட்டை அந்த நிமிடமே உங்களுடையதாகிவிடும். அந்த ஓட்டம் ஆகாது, அது என் விரலில் இருந்தது. உங்கள் இரண்டு 99-ஐயும் இதே மாதிரி நிறுத்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் மச்சான். அவர் சொன்னது பாதி சரி. சீரியல் பார்க்கிறவர் தான் ஏதோ ஏணியில் ஏறுவதாக நினைத்துக்கொள்வதில்லை, 163 மணி நேரம் பாக்கி என்று கணக்கும் வைப்பதில்லை, அங்கேதான் வித்தியாசம். என் அம்மா சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து பூத் தொடுப்பார். கை ஒரு பக்கம் போகும், மனசு வேறெங்கோ இருக்கும், நாலு முழம் ஆனதே தெரியாது. ரூன்ஸ்கேப்பில் பாறை உடைப்பதும் எனக்கு அப்படித்தான் தோன்றியது (2018-ல் மொபைலில் வந்த பிறகு நானும் சில மாதம் பஸ்ஸில் ஆடினேன்). அதற்காகத்தான் உட்காருகிறீர்கள் என்றால் அந்த ஒன்றரை மணி நேரம் அன்றைக்கே முடிந்த விஷயம், 99 வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான், தகுமா என்ற கேள்வியே அங்கே எழாது. எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், மினிமேப் பக்கத்திலிருக்கும் எக்ஸ்பி பொத்தானை அணைத்துவிட்டு, ஸ்கில் பக்கத்தையும் திறக்காமல் ஒரு வாரம் உடைத்துப் பாருங்கள். அப்போதும் பாறை பிடித்திருந்தால் உடையுங்கள். மூன்றாம் நாளே போர் அடித்தால் இத்தனை நாளாக நீங்கள் உடைத்தது பாறையை இல்லை.

இன்னொன்று. இவ்வளவு நீளக் கடிதத்தில், உங்கள் ஆட்டத்துக் குகையில் இருக்கிற ஜாட் என்ற அரக்கனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. நாலரை வருடம் ஆடியும் அந்தக் குகைக்குள் போகவில்லையா? அலை அலையாக வருகிற எதிரிகள், 63 அலை, கடைசியில் அவன். அவன் உடம்பை அசைக்கிற விதத்தைப் பார்த்து அடுத்த அடி மந்திரமா அம்பா என்று கண்டுபிடித்து, அது விழுவதற்குள் அதைத் தடுக்கிற ப்ரேயருக்கு (காப்புப் பிரார்த்தனைக்கு) மாற வேண்டும். தவறிச் செத்தால் முதல் அலையிலிருந்து திரும்ப வர வேண்டும். நான் ஐந்து முறை போய் ஐந்து முறையும் செத்தேன், அதில் ஒருமுறை இறங்க வேண்டிய ஸ்டாப்பையும் விட்டேன். அங்கே கிடைக்கிற தீக் கேப்பைச் சந்தையில் வாங்க முடியாது. 99,000 காசுக்கு வாங்கிய உங்கள் ஸ்கில் கேப்போடு ஐந்து நிமிடம் நின்றீர்களே, இதோடு எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.

முடிக்கட்டுமா விடட்டுமா என்று நேராகக் கேட்டிருக்கிறீர்கள். விடுங்கள். முடிப்பதற்காக மட்டும் என்றால் விடுங்கள். அந்த 92 அங்கேயே இருக்கும், சந்தா கட்டாவிட்டாலும் குறையாது.

கடைசியாக உங்கள் மனைவியின் கேள்வி. அவர் எக்ஸ்பியைப் பற்றிக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. "ஒண்ணும் கிடைக்காது, ஒன்றரை மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடாம இருப்பாங்க, அதுக்குத்தான்" என்று சொல்லிப் பாருங்கள், எனக்குத் தெரிந்து அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மகள் தூங்கிய பிறகு எனக்கான ஒன்றரை மணி நேரம் எங்கே என்று அவர் திருப்பிக் கேட்டால் அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், எனக்கு எழுதாதீர்கள்.

அன்புடன்