சொக்கட் இல்லாத பழைய ஹோர்ன்பி எஞ்சினை டி.சி.சி.க்கு மாற்றலாமா?

கேள்வி: அப்பா 1980களில் லண்டனில் இருந்து கொண்டு வந்த ஹோர்ன்பி கம்பனியின் மாதிரி (மொடல்) நீராவி ரயில் எஞ்சின் ஒன்று இன்னும் பெட்டியோடு இருக்கிறது. மோட்டார் பின்னால் இருக்கும் டெண்டர் என்ற கரிப்பெட்டிக்குள் இருக்கிறது. கட்டளைகளைப் படிக்கும் டிகோடர் என்ற சின்னச் சர்க்கிட்டைச் செருகுவதற்குச் சொக்கட் எதுவும் இல்லை. புதிதாக வாங்கிய டி.சி.சி. (டிஜிட்டல் கட்டளை முறை) செட்டில் இதையும் ஓட்ட ஆசை. நானே வயர் பற்றவைத்து மாற்றலாமா, எஞ்சின் பழுதாகிவிடுமா? எந்த டிகோடர் வாங்குவது? – வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

தாராளமாக மாற்றலாம். சோல்டரிங் ஓரளவு பழக்கம் என்றால் நீங்களே செய்யலாம். ஆனால் டிகோடரை இன்றைக்கே ஓடர் பண்ண வேண்டாம். வெளிநாட்டில் இருந்து தபாலில் வரவேண்டிய பொருள் அது. எரிந்து போனால் காசும் போய், திரும்பவும் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும், 10 அம்பியர் வரை அளக்கக்கூடியதாகப் பார்த்து எடுங்கள்.

இன்னொன்று: எஞ்சின் இப்போது இருக்கும் நிலையில் அதை டி.சி.சி. தண்டவாளத்தில் வைக்கவே வேண்டாம், ஒரு தடவை பார்ப்போம் என்றுகூட. பழைய மோட்டார் இரைந்து சூடேறும், சுருள் கருகவும் கூடும்.

ஏன் என்று சொல்கிறேன். அந்தக் காலத்து முறையில் கன்ட்ரோலர் தரும் 12 வோல்ட் நேரோட்ட மின்சாரம் தண்டவாளம் வழியாக நேரே மோட்டாருக்குப் போகும். வோல்ட் கூடினால் வேகம் கூடும், முனை மாறினால் திசை மாறும். டி.சி.சி.யில் தண்டவாளத்தில் எந்நேரமும் 14 முதல் 16 வோல்ட் வரை இருக்கும். அதுவும் முனை மாறி மாறித் துடிக்கும் மின்சாரம். கட்டளைகளும் அந்தத் துடிப்பிலேயே வருகின்றன. டிகோடர் நடுவில் இருந்து அதைப் படித்து, மோட்டாருக்கு வேண்டியதை மட்டும் கொடுக்கிறது. ஆகவே மோட்டாரின் இரண்டு முனையும் டிகோடரோடு மட்டும்தான் தொடர்பு வைத்திருக்க வேண்டும். உங்கள் எஞ்சின் போன்ற பழையவற்றில் ஒரு வயரை மிச்சம் பிடிக்க உலோகச் சேசியையே (அடிச்சட்டத்தையே) வயராகப் பயன்படுத்தினார்கள். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு கார்பன் பிரஷ்களில் ஒன்று பெரும்பாலும் சேசியைத் தொட்டுக்கொண்டு, அதன் வழியாக ஒரு பக்கத் தண்டவாளத்தோடு சேர்ந்திருக்கும். அதை அப்படியே விட்டு டிகோடரைப் பூட்டினால், தண்டவாள மின்சாரம் டிகோடரின் மோட்டார் பக்கத்தால் உள்ளே புகும். தண்டவாளத்தில் வைத்த அந்தக் கணமே டிகோடர் போய்விடும். இந்த மாற்றத்தில் உண்மையான வேலை அந்தப் பிரஷ்ஷைச் சேசியில் இருந்து பிரிப்பதுதான். மற்றதெல்லாம் நிறம் பார்த்து வயர் பிடிக்கிற வேலை.

முதலில் மோட்டாரைச் சுத்தம் செய்யுங்கள். பிரஷ்கள் உரசும் செப்பு வளையம் பல துண்டுகளாகப் பிரிந்திருக்கும். அந்த இடுக்குகளில் பல வருஷத்துக் கரித்தூள் அடைந்திருக்கும். ஒரு ஈர்க்கின் நுனியை மெல்லியதாகச் சீவி அந்தத் தூளை எடுங்கள், பிறகு ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். அச்சுத் தாங்கும் இடங்களில் ஊசி முனையால் ஒரு சொட்டு எண்ணெய் போதும். கூடினால் அது செப்பு வளையத்துக்குப் போய்க் கரியோடு சேர்ந்து பசையாகிவிடும். காந்தத்தை மட்டும் கழற்ற வேண்டாம். பழைய காந்தங்களில் சில, மோட்டாரை விட்டு வெளியே எடுத்தாலே வலு குறையும். காந்தம் வலுக் குறைந்த மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும்.

சுத்தம் செய்த பின், பழைய நேரோட்ட கன்ட்ரோலரிலேயே மின்னோட்டத்தை அளந்துவிடுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, கன்ட்ரோலரில் இருந்து போகும் ஒரு வயருக்கு நடுவில் தொடராக இணையுங்கள். 12 வோல்ட்டில் எஞ்சின் ஓடும்போது எவ்வளவு என்று பாருங்கள். பிறகு ஓட்டும் சக்கரங்களை விரலால் அழுத்தி நிறுத்தி, ஒன்றிரண்டு வினாடிக்குள் எண்ணைப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். நின்றபடி இழுக்கும் அந்த அளவுதான் டிகோடரைத் தீர்மானிக்கிறது. டிகோடர் தாங்கும் உச்ச அளவு அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள மோட்டாருக்குப் பொதுவாக 1 அம்பியர் தொடர்ந்து தாங்கும் ஓஓ அளவு (ஹோர்ன்பி ரயில்களின் அளவு) டிகோடர் சரிவரும். சுத்தம் செய்தும் 1.5 அம்பியரைத் தாண்டுகிறது என்றால், பெரிய டிகோடர் தேடி அலைவதைவிட மோட்டாரை மாற்றுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். அளந்து முடிந்ததும் மீட்டர் வயரைப் பழைய துளைக்கே மாற்ற மறக்க வேண்டாம்.

இனி பிரிக்கும் வேலை. இங்கே மீட்டர் பலரைக் குழப்பும். ஒரு முனையைச் சேசியிலும் மறு முனையை எந்தப் பிரஷ்ஷில் வைத்தாலும் சில ஓம் காட்டும், ஏனென்றால் ஒரு பிரஷ்ஷில் இருந்து மற்றதற்கு மோட்டார் சுருள் வழியாகவே மின்சாரம் போகும். அதனால் பிரஷ் இரண்டையும் ஸ்பிரிங்கோடு வெளியே எடுத்துவிட்டு, பிரஷ் இருந்த குழிகளைத் தனித்தனியாகச் சோதியுங்கள். எது சேசியோடு தொடர்பு காட்டுகிறதோ அதுதான் பிரிக்க வேண்டியது. உங்கள் வகை மோட்டாரில் இந்தத் தொடர்பு பொதுவாக ஒரு சின்ன உலோகத் தகடு அல்லது திருகு வழியாகத்தான் இருக்கும். தகட்டை வெட்டியோ வளைத்தோ விலக்குங்கள். திருகு என்றால் நைலோன் திருகு போடலாம். பிறகு அந்தப் பிரஷ்ஷுக்கு எனத் தனியாக ஒரு வயரைப் பற்றவையுங்கள். எஞ்சினில் இருந்து மற்றப் பிரஷ்ஷுக்கு வரும் வயரையும் அதில் இருந்து கழற்றிவிடுங்கள். இன்னும் பழைய, டிரையாங் கம்பனியின் எக்ஸ்04 வகை மோட்டார் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அதில் ஸ்பிரிங்கின் ஒரு கைக்கு மட்டும் இன்சுலேஷன் உறை இருக்கும். மற்றக் கைக்கும் அதே மாதிரி உறை போட்டு, அந்தப் பிரஷ்ஷுக்கும் தனி வயர் கொடுத்தால் சரி.

பிரஷ்களைத் திரும்பப் போட்டு மறுபடி சோதியுங்கள். எந்தப் பிரஷ்ஷில் இருந்தும் சேசிக்கோ, எந்தப் பக்கச் சக்கரத்துக்கோ தொடர்பே காட்டக் கூடாது. மோட்டாரைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றியும் பாருங்கள், மேல்மூடியைப் பூட்டிய பிறகும் பாருங்கள். இது முழுக்கச் சரி வந்த பிறகு டிகோடருக்குக் காசு கட்டலாம்.

பிரஷ்களுக்கு நடுவில் வானொலி இரைச்சலைத் தடுக்க ஒரு கெபாசிட்டர் இருந்தால் அகற்றிவிடுங்கள். மோட்டார் திருப்பித் தரும் வோல்ட்டைப் பார்த்தே டிகோடர் வேகத்தைச் சீர்படுத்துகிறது. கெபாசிட்டர் அதற்கு இடைஞ்சல். வயர் நிறங்கள் பெரும்பாலான தயாரிப்புகளுக்கு ஒன்றுதான். சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது தண்டவாளம், செம்மஞ்சளும் சாம்பலும் மோட்டார். உங்கள் எஞ்சினில் சிவப்பு, கறுப்பு இரண்டில் ஒன்று டெண்டர் சேசிக்குப் போகும், மற்றது முன்னால் எஞ்சினில் இருந்து வரும் வயரோடு சேரும். எஞ்சினையும் டெண்டரையும் கோர்க்கும் உலோகக் கம்பியே மின்சாரத்தையும் கடத்துகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அதை நம்பாமல், வளையக்கூடிய மெல்லிய வயர் ஒன்றை இரண்டுக்கும் நடுவில் பற்றவையுங்கள். டி.சி.சி.யில் ஒரு கணம் தொடர்பு விட்டாலும் எஞ்சின் திக்கும். நீலம், வெள்ளை, மஞ்சள், பச்சை வயர்கள் விளக்குக்கும் மற்ற வேலைகளுக்கும் உரியவை. தேவையில்லை என்றால் ஒவ்வொன்றின் நுனியையும் தனித்தனியாக மூடிவிடுங்கள். டிகோடரை இன்சுலேஷன் டேப்பால் சுற்ற வேண்டாம், சூடு உள்ளேயே நிற்கும். உலோகம் படாத இடமாகப் பார்த்து இரட்டைப் பக்க ஒட்டுப்பட்டியால் ஒட்டினால் போதும்.

முதல் சோதனை, டிகோடரின் அமைப்புகளை வாசிக்கவும் மாற்றவும் தனியாக இணைக்கும் புரோகிராமிங் தண்டவாளத்தில்தான். அங்கே மின்னோட்டம் மிகக் குறைவு. பிழை இருந்தாலும் பெரும்பாலும் டிகோடர் தப்பும். சி.வி. 1ஐ (டிகோடரில் எஞ்சினின் முகவரி எண் இருக்கும் அமைப்பு) வாசியுங்கள், புதிய டிகோடர் 3 என்று பதில் தரும். அந்தப் பதிலை டிகோடர் மோட்டாரை மிகச் சிறிது துடிக்க வைத்தே அனுப்புகிறது. ஆகவே டிகோடர் இல்லை என்று திரையில் வந்தால், மோட்டார் வயர்களையும் பிரஷ்களையும் சக்கரத் தொடர்பையும் பாருங்கள். வாசித்துவிட்டால் 3ஐ வேறு எண்ணுக்கு மாற்றி, பெரிய தண்டவாளத்துக்கு எடுங்கள். முன்னுக்குப் போகச் சொன்னால் பின்னுக்குப் போகிறதா? செம்மஞ்சளையும் சாம்பலையும் மாற்றிப் பற்றவையுங்கள். சி.வி. 29இல் பழைய நேரோட்ட முறைக்கான அனுமதியை நிறுத்திவிடுவதும் நல்லது. 6 என்று இருந்தால் 2 ஆக்குங்கள். தண்டவாளம் அழுக்காக இருக்கும்போது எஞ்சின் தானாகப் பாய்ந்து ஓடுவதை இது தவிர்க்கும்.

வெள்ளவத்தை என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். கடற்காற்றின் உப்பும் ஈரமும் பழைய இரும்புத் தண்டவாளத்தைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். அந்தக் காலத்து இரும்புத் துண்டுகள் இன்னும் இருந்தால் நிக்கல் சில்வர் தண்டவாளத்துக்கு மாறுங்கள். சக்கரங்களையும் அல்கஹோலால் துடையுங்கள். டெண்டரின் ஓட்டும் சக்கரங்களில் றப்பர் வளையம் இருந்தால் அந்தச் சக்கரங்கள் மின்சாரம் எடுக்காது, மீதிச் சக்கரங்கள்தான் முழுச் சுமையையும் தாங்குகின்றன.

முதல் பத்து நிமிஷம் பெட்டி இழுக்காமல் மெதுவாக ஓட்டி, மேல்மூடியைக் கழற்றி டிகோடரைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் உடனே நிறுத்தி, மின்னோட்டத்தை மறுபடி அளந்து பாருங்கள்.