பாரிஸில் ஐந்து வயதுக் குழந்தையோடு ஒரு வாரம்: கையைக் கடிக்காமல் வெளியே சாப்பிட முடியுமா?

முடியும். நாங்கள் இரண்டு வருடம் அங்கே இருந்தோம், போனபோது மகளுக்கு நாலு வயது. ஆனால் முதல் நாளே சூடுபட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

ஐஃபில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து முடித்தபோது மணி மூன்றரை. பிள்ளை பசியில் சிணுங்க ஆரம்பித்துவிட்டாள். ஏறி இறங்கிய மூன்று உணவகங்களிலும் அடுப்பை அணைத்துவிட்டார்கள். நாலாவதாக, வாசலில் படம் போட்ட மெனுவைப் பல மொழிகளில் வைத்திருந்த ஒரு கடை கூப்பிட்டது. ஒரு ஆம்லெட், ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவல், ஜூஸ், பாட்டில் தண்ணீர், எங்களுக்கு இரண்டு காபி. ஐம்பது யூரோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. மகள் தின்றது நாலு வறுவல்.

அந்த ஊரில் விலையைவிட நேரம்தான் ஆளைக் கவிழ்க்கும். பெரும்பாலான உணவகங்களில் மதியச் சாப்பாடு 12 மணிக்குத் தொடங்கி இரண்டு, இரண்டரைக்குள் முடிந்துவிடும். பிறகு ராத்திரி ஏழு, ஏழரைக்குத்தான் அடுப்பு எரியும். "சுத்திட்டு மூணு மணிக்கு சாப்பிட்டுக்கலாம்" என்ற நம் சுற்றுலா வழக்கம் அங்கே எடுபடாது. 12 மணிக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். கடை வாசலில் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள்: 'ப்லா து ஜூர்' என்றால் அன்றைய சிறப்பு, 'ஃபோர்முல்' என்றால் இரண்டு அயிட்டம் சேர்ந்த மதியச் சாப்பாடு. நாங்கள் போகும் சாதாரணக் கடைகளில் இது 15 முதல் 20 யூரோவுக்குள் இருந்தது. பல இடங்களில் ராத்திரிக்கு அந்தப் பலகையே இருக்காது. அதனால் பெரிய சாப்பாட்டை மதியத்தில் வைத்துக்கொண்டு, ராத்திரி அறையில் ரொட்டி, முட்டை, தயிர் என்று முடித்துக்கொள்வோம்.

குழந்தைகளுக்கென்று 'மெனு ஆன்ஃபான்' பத்து யூரோவை ஒட்டிக் கிடைக்கும். அதில் வரும் 'ஸ்டேக் ஆஷே' மாட்டிறைச்சி, 'ஜாம்போன்' பன்றி. சாப்பிடாதவர்கள் தட்டு வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், சாண்ட்விச்சுக்கும் இதே எச்சரிக்கைதான்.

தண்ணீர் விஷயத்தில் எல்லோரும் ஏமாறுவார்கள். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டிலைத் திறந்து வைத்துவிடுவார்கள், அது பில்லில் ஏறும். "ஊன் கராஃப் தோ" என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் ஜாடியில் வரும், சாப்பிடுகிறவர்களுக்கு அது இலவசம் என்பது அங்கே சட்டம். கூடையில் ரொட்டியும் சும்மா வரும். என் மகள் பல நாள் அந்த ரொட்டியையே மதியச் சாப்பாடாக முடித்திருக்கிறாள், நானும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறேன். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம், டிப்ஸ் வைக்காமல் எழுந்தால் யாரும் முறைக்க மாட்டார்கள்.

சரி, இரண்டரைக்கும் ஏழரைக்கும் நடுவில் பிள்ளை பசி தாங்குமா? அந்த ஊர்ப் பிள்ளைகளும் தாங்குவதில்லை. நாலரை மணி வாக்கில் பள்ளிக்கூட வாசலிலேயே கையில் ஒரு தின்பண்டம் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் 'கூத்தே'. நாங்களும் அந்த நேரத்துக்கு எந்தத் தெருவில் இருந்தாலும் பக்கத்துப் பேக்கரிக்குள் நுழைந்துவிடுவோம். மகளுக்குப் பிடித்தது 'ஷூகெத்': மேலே கற்கண்டு மாதிரி சர்க்கரைத் துணுக்கு ஒட்டிய, உள்ளே வெறும் காற்றான குட்டிக் குட்டி உருண்டைகள். காகிதப் பையில் போட்டுத் தருவார்கள். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அதைக் காலி செய்தால் ராத்திரிவரை தொல்லை இல்லை. புறாக்களுக்கும் பங்கு உண்டு.

உட்கார்ந்து, பாரிஸுக்கே உரிய ஒரு இடத்தில் சாப்பிட ஆசையிருந்தால் 'பூயோன்' என்று பெயர் போட்ட கடைகளைத் தேடுங்கள். தொழிலாளர்களுக்கு மலிவாகச் சூடான சாப்பாடு போட 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வகை இது. 1896இல் திறந்த பூயோன் ஷார்த்தியே இன்னும் நடக்கிறது. உயரமான கூரை, பித்தளைக் கம்பிகள், தெரியாதவர்களோடு பகிர்ந்துகொள்ளும் மேசை. மயோனைஸ் ஊற்றிய அவித்த முட்டை மூன்று யூரோகூட ஆகாது. பெரிய விஷயம், மதியம் முதல் நள்ளிரவுவரை இடைவெளியில்லாமல் சாப்பாடு கிடைக்கும். முதல் நாளே இது தெரிந்திருந்தால்! பரிமாறுகிறவர் நம் ஆர்டரையும் கணக்கையும் மேசைமேல் விரித்த காகிதத்திலேயே எழுதுவார். "அவங்க மட்டும் மேசையில கிறுக்கலாமா?" என்று மகள் கேட்டாள். பேனாவைக் கொடுத்துவிட்டோம், அரை மணி நேரம் நிம்மதி. வரிசை நீளமாக இருக்கும், பதினொன்றே முக்காலுக்கே போய்விடுங்கள்.

மூன்றாவது நாளே நாக்கு சோற்றைத் தேடும். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பெல் பக்கம் நடந்தால் பெயர்ப்பலகைகள் தமிழில் தொடங்கிவிடும், ஈழத்தமிழர் கடைகள். குழந்தைக்கு இடியப்பமும் சொதியும் வாங்குங்கள். சொதி தேங்காய்ப்பால் குழம்பு, காரம் இராது. நாங்கள் முதல் தடவை போனபோது கடைக்கார அண்ணா, "பிள்ளைக்கு உறைப்பில்லாமல் தரட்டோ?" என்று கேட்டார். "உறைப்புன்னா என்னம்மா?" என்றாள் மகள். காரம்தான் என்று அவரே சிரித்துக்கொண்டு விளக்கினார். மூன்று பேர் வயிறார உண்டதற்கு, அந்த முதல் நாள் பில்லில் பாதிகூட ஆகவில்லை.

சைவம் மட்டும் என்றால் மாரே பகுதியில் ரோசியே தெருவின் ஃபலாஃபெல் நல்ல வழி. கொண்டைக்கடலை வடையைக் காய்கறியோடு ரொட்டிக்குள் திணித்துத் தருவார்கள், ஒன்று வாங்கினால் பெரியவரும் குழந்தையும் பகிரலாம். காரச் சாற்றைத் தனியாகக் கேளுங்கள். யூதர் கடைகள் என்பதால் வெள்ளி சாயங்காலத்திலிருந்து சனி முழுக்கப் பெரும்பாலும் மூடியிருக்கும். உங்கள் திட்டத்தில் மாரே சனிக்கிழமை விழுந்தால் நாளை மாற்றிக்கொள்ளுங்கள்.