பரம எதிரிகள் ஒரே காரியத்துக்காகச் சேர்ந்து உழைத்த உண்மைச் சம்பவம் ஏதாவது உண்டா?

உண்டு. அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் நகரில், 1971 ஜூலையில் நடந்தது.

கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்து வைப்பது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பதினேழு வருடம் கழித்தும் டர்ஹாமில் அந்தச் சண்டை ஓயவில்லை. பில் ரிடிக் என்பவர் ஊராரை எல்லாம் கூட்டி, பத்து நாள் உட்கார்ந்து பேச வைத்தார். அதற்கு இணைத் தலைவர்களாக அவர் கொண்டுவந்த இருவரைப் பாருங்கள்.

ஒருவர் ஆன் அட்வாட்டர். ஏழைகளின் வீட்டு வசதிக்காகப் போராடிய கறுப்பினப் பெண். மற்றவர் சி. பி. எல்லிஸ், கறுப்பினத்தவர் மீது வன்முறையை ஏவிய வெள்ளையின வெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் உள்ளூர்த் தலைவர். முன்பு ஒரு கூட்டத்தில் எல்லிஸ் பேசியதைப் பொறுக்கமாட்டாமல் அட்வாட்டர் கத்தியையே எடுத்துவிட்டார். கூட இருந்தவர்கள்தான் தடுத்தார்கள்.

அன்பு ஜெயித்தது என்று இந்தக் கதையைச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆரம்பத்தில் இருவருக்கும் இடையே அன்பே இல்லை, வேலை மட்டும்தான் இருந்தது. கூட்டத்துக்கு ஆள் திரட்டப் போனால் எல்லிஸை வெள்ளையர்கள் துரோகி என்றார்கள். அட்வாட்டருக்கும் தன் மக்களிடம் ஏச்சுதான். ஒருநாள் இருவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியபோது, தங்களால் தங்கள் பிள்ளைகள் பள்ளியில் அவமானப்பட்டு, அழுதுகொண்டே வீட்டுக்கு வருவது தெரிந்தது. இரண்டு வீட்டிலும் அதே கதை. இரண்டு பேரும் அழுதார்கள். எல்லிஸ் பெட்ரோல் பங்க் நடத்தியும் வறுமையில் கிடந்தவர். உழைத்தும் தேறாத தன் வாழ்க்கைக்குக் கறுப்பின மக்கள்தான் காரணம் என்று அதுவரை நம்பியிருந்தார்.

என்னை மிகவும் உலுக்கியது இன்னொன்று. கூட்டம் நடந்த இடத்தில் எல்லிஸ் கிளான் பொருட்களைக் காட்சிக்கு வைத்தார். கறுப்பின இளைஞர்கள் அதைப் பிய்த்தெறியப் போனபோது குறுக்கே நின்று தடுத்தவர் அட்வாட்டர். அந்த நெஞ்சுரம் எனக்கு வருமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

கடைசி நாள் எல்லிஸ் தன் கிளான் உறுப்பினர் அட்டையை எல்லோர் முன்னாலும் கிழித்துப் போட்டார். பழைய நண்பர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை, கொலை மிரட்டல்கூட வந்தது. பின்னால் அவர் தொழிற்சங்க வேலைக்குப் போனார். அந்தச் சங்கத்தில் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர்கள். அவர்கள்தான் ஓட்டுப் போட்டு அவரைப் பொறுப்பில் உட்கார வைத்தார்கள்.